தபாலில் வந்த சூப்பு

கீழ்வேளூர்
8-2-1972

பொன்னுத்தாய்க்கு இராஜாங்கம் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்றுதான் கை எழுதப் போகிறது. நீ வீட்டை விட்டுப் போன இரண்டு வருடமாக விசாரிக்காதவன் இன்றைக்கு ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தை அறுப்புக் கூலித் தகராறு முற்றிவிட்டது. பண்ணையார் தரப்பில் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார்கள். சங்கத்து ஆட்கள் வரப்பில் குறுக்கே உட்கார்ந்தோம். முதல் கம்பு என் தாடையில் விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது. நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது. பேச்சும் கிடையாது, சோறும் கிடையாது. ஓரத்தில் ஒரு பல் போன சந்து இருக்கிறது. அதன் வழியாக எது இறங்குமோ அதுதான் ஆகாரம்.

பக்கத்து வீட்டு வேம்பு அக்கா கஞ்சித் தண்ணீர் கொடுக்கிறது. பாலும் குடிக்கிறேன். ஆனாலும் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. "புரதச்சத்து உள்ளே போகணும், இல்லாட்டி எலும்பு கூடாது" என்றார் டாக்டர். அது எதில் இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

நீ திருச்சியில் ஆஸ்பத்திரிச் சமையலில் இருப்பதை வேம்பு அக்காதான் சொன்னது. "அதுக்கு எழுதிக் கேளு தம்பி, அது நோயாளிக்கு ஆக்கிப் போடுற கை" என்றது. விலாசமும் அதுவே கொடுத்தது.

உன்னை வரச்சொல்லி எழுதவில்லை. பயப்படாதே. என்ன செய்து குடிப்பது என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
இராஜாங்கம்


திருச்சி
12-2-1972

திரு. இராஜாங்கம் அவர்களுக்குப் பொன்னுத்தாய் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. அடிபட்ட செய்தியைப் படித்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

இங்கே தொண்டையில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒரு சூப்பு கொடுக்கிறோம். சுலபம்தான். அடுப்பு மூட்டிய அரைமணியில் ஆகிவிடும். பரங்கிக்காயில் ஒரு கீற்று, ஒரு தக்காளி, நாலு சின்ன வெங்காயம், ஒரு பல் பூண்டு. பொடியாக நறுக்கினால்தான் சீக்கிரம் வேகும். முழுசாகப் போட்டுவிட்டு வேகவில்லை என்று அடுப்பைத் திட்டக் கூடாது. உப்புப் போட்டு வேகவைத்து, மத்தால் கடைந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். பிறகு பொட்டுக்கடலை மாவு இரண்டு கரண்டி சேருங்கள். டாக்டர் சொன்ன சத்து அதில் இருக்கிறது. மாவு ஏற்கெனவே வறுத்த கடலை என்பதால் வேகக் காத்திருக்க வேண்டாம், ஒரு கொதி போதும். கடைசியில் அரை டம்ளர் பால் ஊற்றி இறக்குங்கள். ஆறவைத்துக் குடியுங்கள். காரம் கூடாது.

வேம்பு அக்கா வீட்டில் பாலாடை இருக்கும். குழந்தைக்குப் புகட்டுவதுதானே என்று கூச்சப்பட வேண்டாம். அதன் மூக்கு பல் சந்துக்குச் சரியாக இருக்கும்.

பொன்னுத்தாய்


கீழ்வேளூர்
19-2-1972

பொன்னுத்தாய்க்கு,

உன் கடிதத்தை அடுப்புக்கு மேலே சுவரில் சாத்திவைத்துக்கொண்டு செய்தேன். அப்துல் ஜலீல் கடையில் பொட்டுக்கடலை மாவு என்று சீட்டில் எழுதிக் காட்டினேன். "என்னண்ணே, ஊரையே கூப்பிட்டு நிறுத்துற ஆளு, எங்கிட்ட சீட்டு நீட்டுறீங்க" என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புது மாவாக அரைத்துக் கொடுத்தார்.

சூப்பு கெட்டுப்போயிற்று. மாவைக் கொதிக்கிற சாற்றில் அப்படியே கொட்டினேன். கோலிக்குண்டு கோலிக்குண்டாகத் திரண்டுவிட்டது. ஒரு கட்டி சந்தில் சிக்கி, இருமவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்துப்போனேன். வேம்பு அக்கா வந்து முதுகில் தட்டியது. பாலும் திரிந்துவிட்டது.

இன்னொன்று. நம் வீட்டு அடுப்பு இவ்வளவு புகையுமா? கண்ணைத் திறக்க முடியவில்லை. நீ ஒருநாளும் சொன்னதில்லையே.

என்ன தப்பு செய்தேன் என்று எழுது.

இராஜாங்கம்


திருச்சி
24-2-1972

அவர்களுக்கு,

அடுப்பு புகைகிறது என்று சொல்லியிருக்கிறேன். கூரையில் ஒரு ஓட்டை போட்டுத் தாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அப்போது கதவைத் தாண்டிவிட்டிருப்பீர்கள்.

மாவை எப்போதும் பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். தோசைமாவு போல ஓடும்படி கரைத்து, சாற்றைக் கிளறிக்கொண்டே ஊற்றினால் கட்டி விழாது. பால் திரிந்தது தக்காளிப் புளிப்பால். நான் அதை எழுதாமல் விட்டது என் பிழை. தக்காளியை விட்டுவிடுங்கள். சூப்பை இறக்கி, கொதி அடங்கியபின் பாலை ஊற்றுங்கள்.

கட்டி சிக்கியது என்று படித்து அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. இனிமேல் குடிக்கும்போது யாராவது பக்கத்தில் இருக்கட்டும். உங்களைச் சுற்றித்தான் எப்போதும் பத்துப் பேர் இருப்பார்களே.

பொன்னுத்தாய்


கீழ்வேளூர்
2-3-1972

அன்புள்ள பொன்னுத்தாய்க்கு,

சூப்பு சரியாக வந்துவிட்டது! வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருந்தது. பாலாடையில் ஊற்றினால் தானாக இறங்குகிறது. வேம்பு அக்கா விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, "கல்யாண வீட்டுச் சமையல் ஆளு வச்ச மாதிரி இருக்கு" என்றது. நேற்று பரங்கிக்காய்க்குப் பதில் சுரைக்காய் போட்டேன். இன்றைக்கு முருங்கைக்கீரை போட்டு வடிகட்டினேன். கீரையில் கொஞ்சம் கசப்பு, ஆனாலும் குடித்தேன்.

பத்துப் பேர் என்று எழுதியிருந்தாய். முதல் வாரம் வந்தார்கள். வாய் பேசாதவனிடம் உட்கார்ந்து என்ன செய்வார்கள்? அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் சீட்டில் எழுதி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். பிறகு வருவது குறைந்தது. தாசில்தார் முன்னால் கூலிப் பேச்சு நடக்கிறதாம். சங்கத்து வீரையன் போகிறான், எனக்குப் பதிலாக. என்ன ஆயிற்று என்று ஜலீல் பாய் கடையில்தான் தெரிந்துகொள்கிறேன்.

பகலெல்லாம் இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். எல்லாரும் வயலுக்குப் போனபின் தெருவில் ஒரு சத்தம் இருக்காது. ஓலையில் ஓணான் ஓடுவது கேட்கிறது. நீ இதற்குள் ஆறு வருடம் இருந்தாய்.

ஒன்று கேட்கிறேன். அங்கே நீ எங்கே படுக்கிறாய்? கூட யார் இருக்கிறார்கள்? ஜன்னல் இருக்கிறதா?

இராஜாங்கம்


திருச்சி
7-3-1972

அன்புள்ள உங்களுக்கு,

ஜன்னல் இருக்கிறது. அதை நீங்கள் கேட்டீர்கள் என்று மூன்று தரம் எடுத்துப் படித்தேன்.

சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு அறை. நான்கு பெண்கள் இருக்கிறோம். என் பாய் ஜன்னலுக்குக் கீழே. ரயில் லைன் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கம் போகிற வண்டி எது என்று எனக்குச் சத்தத்திலேயே தெரியும். மற்ற மூவருக்கும் ஞாயிற்றுக்கிழமை யாராவது பார்க்க வருவார்கள். நான் அன்றைக்குத் துணி துவைப்பேன்.

நான் ஏன் போனேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. எனக்கு ஜுரம் வந்து படுத்திருந்தேன், ஞாபகம் இருக்காது உங்களுக்கு. அன்றைக்குக் கடைத்தெருவில் பெண்ணாள் கூலியைப் பற்றிப் பேசினீர்கள். ஒலிபெருக்கியில் நான் படுத்திருந்த பாய் வரைக்கும் கேட்டது. நம் வீட்டுப் பெண்கள் படுகிற பாடு யாருக்குத் தெரியும் என்றீர்கள். ஜனம் கைதட்டியது. எனக்கு ஒரு வாய் வெந்நீர் கொடுக்க ஆள் இல்லை. நீங்கள் பேசியது பொய் என்று சொல்ல மாட்டேன். எல்லாம் நிஜம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் எழுத்து இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஓணான் ஓடுவதையெல்லாம் எழுதுகிறீர்கள்.

பால் கிடைக்காத நாளில் ஒரு கை வேர்க்கடலையை ஊறவைத்து, அம்மியில் மைய அரைத்து, தண்ணீர் விட்டுப் பிழிந்து ஊற்றுங்கள். பாலை விட நன்றாகக் கெட்டியாகும். சத்தும் கூட.

உங்கள்
பொன்னுத்தாய்


கீழ்வேளூர்
12-3-1972

என் அன்புள்ள பொன்னுத்தாய்க்கு,

வருகிற வியாழக்கிழமை கம்பியை வெட்டுகிறார்கள். அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் சூப்புதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை.

கூரையில் ஓட்டை போட்டுவிட்டேன். புகை நேராக மேலே போகிறது. வேர்க்கடலைப் பாலும் செய்தேன்.

முதல் கடிதத்தில் உன்னை வரச்சொல்லவில்லை என்று எழுதினேன். இப்போது சொல்கிறேன். 19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மத்தியான வண்டிக்கு நான் ஸ்டேஷனில் நிற்பேன். வாய் திறந்ததும் முதலில் உன்னிடம் பேச வேண்டும். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை. உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்
இராஜாங்கம்


திருச்சி
21-3-1972

அன்புள்ள உங்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வந்திருந்தேன். வேம்பு அக்கா சொல்லியிருக்கும்.

ஸ்டேஷனில் உங்களைக் காணவில்லை. வண்டி போய், பிளாட்பாரம் காலியாகும் வரை நின்றேன். பிறகு வீட்டுக்கு நடந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. வேம்பு அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டது. "வாம்மா பொன்னு. காலையிலயே சங்கத்து ஆளுங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. கூலிப் பேச்சு முறிஞ்சிருச்சாம். தம்பி மாட்டேன்னுதான் சொன்னுச்சு. அண்ணே நீங்க ரெண்டு வார்த்தை பேசினாத்தான் சனம் கலையாம நிக்கும்னு வீரையன் கால்ல விழாத குறை" என்றது.

உங்கள் அடுப்படியைப் பார்த்தேன். மத்து, துணி, பாலாடை எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. காய் நறுக்கி வைத்திருந்தீர்கள். நானே அடுப்பை மூட்டிச் சூப்பு வைத்தேன். புகை இல்லை.

வெகுநேரம் பார்த்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வந்தேன். ஜலீல் பாய் கடையோரம் கூட்டத்தில் நின்றேன். நீங்கள் மேடையில் இருந்தீர்கள். பாதியாக இளைத்திருக்கிறீர்கள். வார்த்தை கொஞ்சம் குழறுகிறது. ஆனாலும் குரல் அதேதான். நீங்கள் பேசப் பேச ஜனம் மூச்சு விடாமல் நின்றது. என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

அப்போது சூப்பைப் பற்றிச் சொன்னீர்கள். "அந்தப் பண்ணையான் என் வாயக் கட்டினான். என் வீட்டுக்காரி திருச்சியிலேருந்து தபால்ல சூப்பு அனுப்பி என்னைக் காப்பாத்தினா" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். பிறகு நான் ஜுரத்தில் கிடந்ததைச் சொன்னீர்கள். வெந்நீர் கொடுக்க ஆள் இல்லாததைச் சொன்னீர்கள். இந்தத் தெருவில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணும் அப்படித்தான் கிடக்கிறாள் என்றீர்கள். நான் எழுதியதைவிட நன்றாகவே சொன்னீர்கள். பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என்னைப் பார்த்து, "அந்தப் புண்ணியவதி எங்க இருக்காளோ" என்றாள். நான் தெரியாது என்றேன்.

இறங்கியதும் உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். நீங்கள் கூட்டத்துக்கு மேலாக நாலா பக்கமும் பார்த்தீர்கள். என்னைத் தேடினீர்களோ என்னவோ. நான் கையைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும். தூக்கவில்லை.

கோபத்தில் எழுதவில்லை. உங்கள் பேச்சால் அந்த ஜனம் கலையாமல் நின்றால், நாலு வீட்டில் உலை கொதிக்கும். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தக் கடிதத்தை நான் ஓர் ஆளுக்குத்தான் எழுதினேன். அவரிடம்தான் ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். அவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து, என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்து வந்தேன்.

இங்கிருந்து கிளம்பும்போது பெட்டியோடு வந்தேன். ஆஸ்பத்திரி சிஸ்டரிடம் திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பெட்டியை உங்கள் வீட்டில் திறக்கவில்லை. வேம்பு அக்கா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் சாயங்கால வண்டியைப் பிடித்தேன்.

உங்கள் தாடை சரியாக இன்னும் ஒரு மாதம் ஆகும். கடினமானதைக் கடிக்க வேண்டாம். நீளமாகப் பேசவும் வேண்டாம், பேசுவீர்கள் என்று தெரியும். சூப்பு செய்வது இனி உங்களுக்கே தெரியும். அதற்காக எழுத வேண்டியதில்லை.

நேற்றுக் காலையில் ஆஸ்பத்திரி கேட்டில் சிஸ்டர் என்னையும் பெட்டியையும் பார்த்தார். "சமையல்ல ஆள் பத்தலை, வா" என்றார். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

பொன்னுத்தாய்