சின்ன டர்போ போதும் என்றவனுக்கு

இன்று காலை உன் காரின் முன் பம்பரைக் கழற்றினேன். ரேடியேட்டர் இடுக்கிலிருந்து ஒரு பிடி நெல்லும் பதரும் தரையில் கொட்டின. போன பிறகும் என்னைக் கூட்ட வைக்கிறாயே என்று உன்னைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன், மாப்ள. அழுகை முந்திக்கொண்டது. பட்டறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

படிக்கிற காலத்திலிருந்து நாம் கனவு கண்ட வண்டி இது. பிஸ்டன், ராடு எல்லாம் மாற்றி இன்ஜினைப் பலப்படுத்தியாகிவிட்டது. காற்றைத் திணித்து இன்ஜின் வேகத்தைக் கூட்ட எந்த டர்போ என்பதில்தான் முட்டிக்கொண்டோம். பெரியது போடலாம் என்றேன் நான். இன்ஜின் புகை அதைச் சுற்றிவிடக் கொஞ்சம் நேரமாகும். ஆனால் இழுவை வந்தால் சீட்டோடு சேர்த்து அழுத்தும். நீயோ சின்னதே போதும் என்றாய். மிதித்த உடனே வரும், ஆனால் வேகம் ஏற ஏற மூச்சு வாங்கும். இதற்கா இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று கத்தினேன்.

கடைசியில் என் தொல்லை தாங்காமல், பெரியதை மாட்டி ஒரு தரம் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தாய். சம்பா அறுப்பு நேரம். அந்த நாளில் திருக்காட்டுப்பள்ளி சாலையில் பாதி நெல்லுக்குத்தான் சொந்தம். இரண்டு பேரும் விவசாய வீட்டில் பிறந்தவர்கள், இரண்டு பேருக்கும் அது மறந்துபோனது பார். நீ மிதித்தாய், ஒன்றும் வரவில்லை. இன்னும் மிதித்தாய். வளைவு திரும்பி, காயப்போட்ட நெல் கண்ணில் பட்ட நேரம் பார்த்து மொத்தமாக வந்தது. நெல்லுக்குள் போய்த்தான் நின்றோம்.

நெல்லுக்காரம்மா திட்டக்கூட இல்லை. ஆளுக்கொரு விளக்குமாற்றைக் கையில் கொடுத்து, கூட்டிக் குவித்துவிட்டுக் கிளம்பச் சொன்னார். உச்சி வெயிலில் கூட்டிக்கொண்டே நீ சொன்னாய்: “இது நம்ம ரோட்டுக்கு ஆவாது மாப்ள. மிதிக்கிறதுக்குத் தக்க சீரா வரணும்.” பயந்தாங்கொள்ளி என்றேன். ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய்.

அதற்குப் பிறகுதான் நீ தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடப்பது என் காதுக்கு வந்தது. கேட்டபோதெல்லாம் மஞ்சள் காமாலை, பத்தியம் இருந்தால் போய்விடும் என்றாய். நானும் நம்பினேன். ஆற்றில் தண்ணீர் வருமுன் நீ போய்விட்டாய்.

உன் வீட்டுக்காரி செல்வி காரை ஆள் வைத்து இங்கே அனுப்பி, வேலையை முடித்துத் தரச் சொன்னது. பெரியதையே மாட்டுவதென்று முடிவு செய்தேன். தடுக்க நீ இல்லை. உன் பேர் சொல்ல, இந்தப் பக்கத்தில் இதை முந்த ஒரு வண்டி இருக்கக் கூடாது என்று வீம்பு.

மத்தியானம் செல்வி பஸ்ஸில் வந்தது. பிரித்து வைத்திருந்த பெரிய டர்போவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“அண்ணே, அவரு சொன்ன சின்னதையே போட்டுருங்க. நான்தான் ஓட்டப்போறேன்.”

எப்போது ஓட்டக் கற்றுக்கொண்டாய் என்று செல்வியிடம் கேட்டேன்.

“ஆஸ்பத்திரியில இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொன்னாங்கள்ல, மறுநாளே ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போயி ஸ்டியரிங்கக் கையில குடுத்தாரு. வண்டி திடீர்னு இழுத்தா நான் மெரண்டுருவேனாம். வித்துராம நானே வச்சு ஓட்டணுமாம்.”

“எப்பம்மா சொன்னாங்க?”

“அறுப்புக்கு முன்னாடியேண்ணே.”

அப்படியானால் என் பக்கத்தில் நின்று நெல் கூட்டினாயே, அன்றைக்கே உனக்குத் தெரியும். நாளைக்கு அந்த ஆக்ஸிலேட்டரில் யார் கால் இருக்கும் என்று நினைத்துத்தான் சின்னது, சின்னது என்று என்னிடம் மல்லுக்கட்டியிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேனேடா. உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல விட்டாயே. சொன்னால் இவன் தாங்க மாட்டான் என்று நினைத்தாயா? நினைத்தது சரிதான், பாவி.

சின்னதைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். செல்வி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இந்தக் குழாய் எதற்கு, அந்தக் குழாய் எதற்கு என்று கேட்கிறது. சொல்லிக்கொண்டே போல்ட்டை முடுக்குகிறேன். உன்னோடு போட வேண்டிய சண்டை மட்டும் நெஞ்சுக்குள் அப்படியே நிற்கிறது. போடுவதற்குத்தான் ஆள் இல்லை.