பாதையை மறிக்க ஒருவன்

மாசி 20, வியாழன்.

சம்பளமில்லாத தீக்காவலுக்கு இன்று ஊர்க்கூட்டத்தில் ஆள் போட்டார்கள். காடு எரியும்போது மாட்டுக்காகவோ தானியத்துக்காகவோ யாரும் உள்ளே திரும்பி ஓடாமல் பாதையை மறிக்கும் வேலை என் கொழுந்தன் சின்னானுக்கு. போன வருஷத் தீயில் என் வீட்டுக்காரர் எருதை அவிழ்க்க ஓடி உயிரைவிட்டாரே, அன்று அதே பாதையில் ஒதுங்கி வழிவிட்டவன் அவன்தான்.

"இவனா? அன்னிக்கு இன்னா பண்ணினு இருந்தான்?" என்று எல்லார் முன்னும் கேட்டேன்.

"மூத்தவராச்சே. அண்ணன் மேல கைவெச்சித் தடுக்க எனக்கு யாரு உரிமை குடுத்தா, அண்ணி?"

காவலுக்கான சிவப்புத் துணியை வாங்கி நானே அவன் கையில் இறுக்கிக் கட்டினேன்.

"இப்போ நான் குடுக்கிறேன். நானே ஓடினாலும் கீழ தள்ளி நிறுத்துடா."

மன்னித்துவிட்டேன் என்றில்லை. அவர் போன அன்று அந்த எருது கயிற்றை அறுத்துக்கொண்டு தானாகவே வீடு வந்து சேர்ந்தது.