வாடகைக் கார்க்காரருக்குப் போட்ட இலை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
1934 செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அண்ணன் கார்த்திகேசுவுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கமணி எழுதுவது. நானும் அம்மாவும் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நாகப்பட்டினத்தில் நீயும் அப்படியே இருக்க முருகன் துணை இருக்கட்டும். உடம்பைத் தவிர வேறு எதையும் நலம் என்று எழுதாதே என்கிறாள் அம்மா. அவள் சொல்வதைச் சொன்னபடி எழுதுகிறேன், நான் பார்த்ததையும் இடையிடையே சேர்த்திருக்கிறேன், நீ பொறுமையாகக் கடைசி வரை படி.

முதலில் என் கண்ணில் பட்டது செய்தித்தாள்தான். சனிக்கிழமை பகல் உன் முதலாளி நாகையாவும் அவர் மனைவியும், எனக்கு மாப்பிள்ளை என்று நீ எழுதிய அவருடைய தம்பி இராமலிங்கமும் வந்தார்கள். கார் நம் கடைவீட்டு வாசலில் நின்றதும் மாடிச் சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். காரின் சீட்டு முழுக்கச் செய்தித்தாளை விரித்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மழையில் சீட்டு நனைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் நான்கு நாளாக இங்கே மழையே இல்லை.

அந்தக் காரை ஏற்பாடு செய்யச் சொன்னது நீதான். அவர்களுக்கு இந்த நாடு புதிது, மலாயும் தெரியாது சீனமும் தெரியாது, நம்பிக்கையான டிரைவரோடு நான்கு நாளைக்கு ஒரு கார் வாடகைக்குப் பிடித்துக் கொடுங்கள் என்று எழுதியிருந்தாய். அம்மா வேறு யாரிடம் போவாள், பக்கிரிசாமி மாமாவிடம்தான் போனாள். அவரும் தன் காரைக் கிள்ளானில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஓட்ட ஒப்புக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, நம்ம கார்த்தியோட முதலாளியா, அப்ப நான்தான் வருவேன் என்று வந்தார். புதன்கிழமை காலையில் துறைமுகத்துக்கே போய் அவர்களை ஏற்றிக்கொண்டார். இந்த ஊரில் வாடகைக் காருக்கு என்ன வழக்கம் என்று உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. பெட்ரோல் எண்ணெயும் டிரைவருடைய சாப்பாடும் கார் எடுத்தவர் பொறுப்பு. சாப்பாட்டு வேளையில் கார் எந்த வீட்டில் நிற்கிறதோ அந்த வீட்டில் அவருக்கும் இலை போடுவார்கள். இதைத் துறைமுகத்திலேயே நாகையாவிடம் சொல்லிவிட்டேன் என்று மாமா சொன்னார், அவரும் சரி சரி என்று தலையாட்டினாராம்.

சனிக்கிழமை அம்மா விடியற்காலையிலேயே எழுந்து சமைத்தாள். மசாலா அரைக்க வரச் சொன்ன இரண்டு வீடுகளுக்கும் வரமுடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நம் அறையில் ஒரே ஒரு வரிசை போடத்தான் இடம் இருக்கிறது, அதில் மூன்று இலை போட்டாள், நாகையாவுக்கு ஒன்று, இராமலிங்கத்துக்கு ஒன்று, பக்கிரிசாமி மாமாவுக்கு ஒன்று. நாகையாவின் மனைவி உள்ளே என்னோடு இருந்தார். சோறு வைத்தாயிற்று, பருப்பும் ஊற்றியாயிற்று, நான் பொரியல் சட்டியோடு வந்துகொண்டிருந்தேன். மாமா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். உடனே நாகையா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, என்னம்மா இது, கார்க்காரனுக்கும் எங்க வரிசையிலேயே எலையா என்றார். இங்க அப்படித்தாங்க, காரோட வந்தவரு சாப்பிடாம நாம எப்படிங்க சாப்பிடறது என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். அதற்கு அவர், வாடகைக்கு எடுத்தது காரைத்தானே, அவனை என்ன சம்பந்தியாவா எடுத்தோம் என்றார். என் பின்னாலேயே வந்து நின்ற அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மா இராமலிங்கத்தைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தேன், அவராவது ஏதாவது சொல்லுவார் என்றுதான். அவர் தண்ணீர்க் குவளையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு, அண்ணன் சொல்றதும் சரிதானே, படிக்கட்டுல வெச்சுக் குடுத்துடுங்களேன், இதுக்குப் போயி என்ன பேச்சு என்றார்.

அண்ணா, அம்மா குனிந்து மாமாவின் இலையைத் தூக்கினாள். சோற்றோடும் பருப்போடும் இரண்டு கையாலும் தூக்கினாள். நாகையா எடுத்தார் என்று எழுதாதே, எடுத்தது நான்தான் என்று எழுது என்று இப்போது சொல்கிறாள், அதனால் எழுதுகிறேன். பக்கிரிசாமி மாமா எழுந்து நின்று, நீங்க எதுக்குக்கா தூக்கறீங்க, சிந்திடப் போகுது, எனக்குப் பசியும் இல்ல, கீழ டயரைப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அம்மா இலையை வைத்துக்கொண்டு அறை நடுவில் நின்றாள், எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மற்ற இரண்டு பேரும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் பரிமாறினேன். நாகையா இரண்டாம் தடவை பொரியல் கேட்டார், அதையும் வைத்தேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கை எரிகிறது.

பக்கிரிசாமி மாமா யார் என்று உன் முதலாளிக்குத் தெரியாது, உனக்குமா தெரியாது என்று அம்மா கேட்கிறாள். அப்பா ரயில் தண்டவாளத்தில் அடிபட்டு இறந்த அன்று நீ நாகப்பட்டினத்தில் இருந்தாய். தந்தி உனக்குக் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாடையில் உன் தோள் இருக்க வேண்டிய இடத்தில் அவர் தோள் இருந்தது. அப்பா போன பிறகு ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது, புள்ளைய நிறுத்தாதீங்கக்கா என்று அம்மாவோடு சண்டை போட்டதும் அவர் ஒருவர்தான். அவர் எந்தச் சாதி என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை, ரயில்வே வரிசை வீட்டில் ஒரே தட்டில் அவல் தின்றவர்கள் அவர்கள்.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டு நாகையாவின் மனைவி என் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பொண்ணு எங்களுக்குப் பிடிச்சுப் போச்சு, வந்ததிலேருந்து ஒரு வார்த்தை பேசலியே, இப்படி வாயில்லாப் பொண்ணுதான் எங்க வீட்டுக்கு வேணும் என்றார். தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாம், நாங்க ஊருக்குப் போனதும் உங்க மகன்கிட்ட நாள் குறிச்சுச் சொல்றோம் என்று நாகையா சொன்னார். பிறகு கீழே போய்க் காரில் ஏறினார்கள். பக்கிரிசாமி மாமா எதுவும் நடக்காதது போலக் கதவைத் திறந்துவிட்டார். நாகையாவின் மனைவி செய்தித்தாளை நீவிச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அப்போதுதான் அந்தச் செய்தித்தாள் எதற்கு என்று எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவர்களைக் கிள்ளானில் அவர்களுக்குத் தெரிந்த வீட்டில் இறக்கிவிட்டு, மாமா வெறும் காரோடு திரும்பி வந்தார். அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். அவர் மேலே வரவில்லை, காரில் சாய்ந்து நின்றபடியே சிரித்துச் சிரித்துச் சொன்னார். முதல் நாளே நாகையா, உனக்கு எந்த ஊருப்பா என்று ஆரம்பித்தாராம். கேரி தீவுங்க என்றாராம் இவர். அது பொறந்த ஊரு, உங்கப்பனுக்கு என்றாராம் நாகையா. அவரும் கேரி தீவுலதாங்க ரப்பர் மரத்துல பால் வெட்டுனாரு என்றாராம். சரி, அதுக்கு முன்னாடி என்றாராம். அதுக்கு முன்னாடி கப்பல்லங்க என்றாராம் மாமா. மறுநாள் காலையில் செய்தித்தாள் வந்துவிட்டதாம். கேரி தீவுத் தோட்டத்தைப் பார்க்கப் போகும் வழியில் டயர் வெடித்தபோது யாரும் இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்துகொண்டார்களாம், நாலு நாளைக்கு வாடகை குடுத்திருக்கோம்ல என்று இராமலிங்கம் சொன்னாராம். வாடகை எனக்குத் தெரியுது தம்பி, காரைத் தூக்குற ஜாக்கிக்குத் தெரியாதே, எறங்குங்க லா என்று மாமா சொன்ன பிறகுதான் இறங்கினார்களாம். நான்கு நாளில் ஒரு வேளை கூட அவருக்குச் சோறு வாங்கித் தரவில்லை. சீனன் கோப்பிக்கடையில் ரொட்டி தின்றுவிட்டு வந்தால், கண்ட கடையில தின்னுட்டு வந்து எங்க கார்ல கை வைக்கிறியா என்று ஏச்சு. எங்க காராம், கேட்டாயா. அதைச் சொல்லும்போதும் மாமா சிரித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி, என்னை மன்னிச்சிடு என்று அவர் கையைப் பிடித்தாள். அவர், நீங்க என்னக்கா பண்ணுவீங்க, பொண்ணப் பெத்தவங்க என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன் என்கிறாள் அம்மா. மூன்று நாளாக அவர் கார் நம் தெருவழியாகப் போகிறது, நிற்பதில்லை.

இப்போது அம்மா உன்னிடம் கேட்பதை எழுதுகிறேன். கோபமாக இருக்கும், இருக்கட்டும் என்கிறாள். ஏழு வருடமாக அந்த வீட்டுச் சோற்றைத்தானே நீ சாப்பிடுகிறாய், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உனக்குத் தெரியாதா. தெரிந்தும் உன் தங்கையைக் கேட்காமல், என்னையும் கேட்காமல் வாக்குக் கொடுத்தாயா. கடையில் உன்னைப் பெரிய கணக்குப்பிள்ளை ஆக்குகிறேன் என்று சொன்னார்களா, அதற்காகத்தானா. மாப்பிள்ளை குணம் தங்கம் என்று எழுதினாயே, அந்தத் தங்கம் எங்கள் அறையில் உட்கார்ந்து தண்ணீர்க் குவளையைத் திருப்பிக்கொண்டிருந்ததை நாங்கள் பார்த்தோம். இன்னொன்றும் கேட்கிறாள், இதற்கு மட்டும் உண்மையாகப் பதில் எழுது. அந்த வீட்டில் உனக்கு இலை எங்கே போடுகிறார்கள், அவர்களோடு கூடத்திலா, இல்லை வேலைக்காரர்களோடு கொல்லையிலா. கொல்லையில்தான் என்றால் அதை எங்களிடம் மறைத்து என்ன கண்டாய், அடுத்த கப்பலில் ஏறி வா. இங்கே ரயில்வேயில் இல்லாவிட்டால் தோட்டத்து ஆபீசில் ஒரு வேலை கிடைக்காமல் போகாது. மசாலா அரைத்து உனக்கும் ஒரு வாய் சோறு போட என் கையில் இன்னும் பலம் இருக்கிறது என்கிறாள். இதைச் சொல்லும்போது அழுதாள், அதை எழுதாதே என்றாள், எழுதிவிட்டேன்.

அவர்கள் வியாழக்கிழமை கப்பல் ஏறுகிறார்கள். இந்தத் தபாலும் அதே கப்பலில்தான் வரும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். அவர்கள் வந்து பெட்டியை இறக்கி வைத்து, நாள் பார்க்கலாமா என்று உன்னைக் கேட்கும்போது உன் கையில் இது இருக்க வேண்டும் என்றுதான் அம்மா இன்றைக்கே எழுதி முடி என்று விரட்டுகிறாள். அவர்கள் சொல்வதை முதலில் கேட்டுவிட்டு அதற்குப் பிறகு இதைப் படிக்காதே. தங்கமணிக்கு இந்தச் சம்பந்தத்தில் சம்மதம் இல்லை, அவர்கள் முகத்தைப் பார்த்து நீ அப்படியே சொல்லிவிடு.

மற்றபடி, பவுனம்மாள் சித்தி சுங்கை பூலோவிலிருந்து வந்து ஒரு நாள் தங்கிவிட்டுப் போனார். உனக்குப் பிடிக்குமே என்று கருவாட்டுப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்தார், அனுப்ப வழி இல்லாமல் நாங்களே சாப்பிட்டோம். ஐப்பசி மழையில் தலையை நனைத்துக்கொண்டு அலையாதே, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, போன வருடம் போல மார்ச்சளி பிடித்துக்கொண்டால் பக்கத்தில் பார்க்க ஆள் இல்லை. பக்கிரிசாமி மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. என்ன எழுதுவது என்று எங்களைக் கேட்காதே, உனக்கே தெரிய வேண்டும். அவர் முகவரி மாறவில்லை.

கோபத்தில் சொன்னாலும் பெற்றவள் சொன்னது, உனக்கு ஒரு குறையும் வராது. நோய் நொடி இல்லாமல், தலை குனியாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். பதில் எழுத மறக்காதே, இலையைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லாமல் வேறு எது எழுதினாலும் அம்மா வாங்கிக்கொள்ள மாட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா மாரியாயி, கைநாட்டு.
கடிதம் எழுதியது தங்கமணி.

அண்ணா, சம்மதம் இல்லை என்று மேலே இருக்கும் வரி அம்மா சொன்னது இல்லை. அந்த இடத்துக்கு வந்ததும் அம்மாவுக்கு உன் நினைவு வந்துவிட்டது. உன் வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பயந்துவிட்டாள். பிறகு, எல்லாம் யோசித்து நீயே முடிவு செய் என்று எழுதச் சொன்னாள். நான் அப்படி எழுதவில்லை. கைநாட்டு வாங்குவதற்கு முன் முழுக் கடிதத்தையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அந்த வரியையும் விடாமல் சத்தமாகப் படித்தேன்.