மண்டபத்துக்கு முன்னால் நிற்கும் வளைவு

என் தங்கம், மருமகன் செல்வராசுக்கு,

நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எனக்கு வாசிக்க மட்டும்தான் வந்தது. எழுத இப்போதுதான் கை பழகியிருக்கிறது. விடிந்ததும் உட்கார்ந்தேன், வெயில் ஏறிவிட்டது, இவ்வளவுதான் வந்திருக்கிறது. இருந்தாலும் என் எழுத்தைப் பார்த்து நானே சிரித்துக்கொள்கிறேன். சொல்லப்போகிற செய்திதான் சிரிக்கிற செய்தி இல்லை.

நம் ஊர்க் கல்யாண மண்டபம் பாதியில் நிற்கிறது அய்யா. பட்டாசுக் கம்பெனியிலும் தீப்பெட்டி ஆபீசிலும் வேலை செய்கிறவர்கள் போனசில் வரி கொடுத்துக் கட்டுகிற மண்டபம். விருதுநகரில் ஆபீஸ் போட்டுப் பெரிய கட்டடங்களுக்கு வரைந்த நீ, நமக்குக் கூலி வாங்காமல் வரைபடமும் எஸ்டிமேட்டும் போட்டுத் தந்தாய். எந்த மாதம் எந்த வேலை என்பதைக்கூட எங்கள் பிழைப்பைப் பார்த்தே வகுத்தாய். தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக்கிடக்கும்போது அஸ்திவாரம். ஆடி பிறந்து சீசன் சூடுபிடிக்கும் முன்னால் மேல்தளம். அதற்குப் பிறகு சித்தாள் வேலைக்கு ஆள் கிடைக்காது என்பது உனக்குத் தெரியும்.

ஊர்க் கூட்டத்தில் எஸ்டிமேட்டை நான்தான் வாசித்தேன். வயதான பிறகு மாலை வகுப்பில் படித்த படிப்பு. செங்கல், சிமெண்டு, கம்பி என்று நான் வாசிக்க வாசிக்க ஊரே என்னைப் பார்த்தது. கடைசி வரியில் 'எதிர்பாராத செலவு' என்று ஒரு தொகை ஒதுக்கியிருந்தாய். கூட்டம் அடங்கிப்போனது. வெடிமருந்தோடு பிழைக்கிற ஊர் இது. நாளைக்கு வரக்கூடிய கெட்டதை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதற்கென்று பணம் எடுத்து வைப்பது, அதைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற மாதிரி.

"கெட்டதுக்குன்னு துட்டு ஒதுக்க வேண்டாம்பா. அந்தத் துட்டுல வாசல்ல ஒரு வளைவு கட்டுவோம்," என்றேன். கைதட்டினார்கள்.

நீ என் பக்கம் குனிந்தாய். "மாமா, வேற எதை வேணாலும் குறைங்க. அதை மட்டும் தொடாதீக. மண்ணுக்குள்ள என்ன கெடக்குன்னு தோண்டுனாத்தான தெரியும்?"

"ஏலே, மாமனுக்கே பாடமா?" என்று சிரித்தபடி பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன். ஊர் முன்னால் தாய்மாமன் பேச்சை நீ தட்டவில்லை. தட்டியிருக்கலாமே, அய்யா?

மறு மாதமே நெஞ்சுவலியில் போய்விட்டாய்.

நல்ல நாள் பார்த்து வளைவை முதலில் கட்டி முடித்தோம். பிறகு மண்டபத்துக்குக் குழி தோண்டினால், வடக்கு மூலையில் எந்தக் காலத்திலோ தூர்த்த கிணறு. கெட்டித் தரை தேடி இறங்கியதில் கம்பியும் சிமெண்டும் மண்ணுக்குள்ளேயே போயின. சுவர் ஜன்னலுக்கு மேல் வந்ததோடு பணம் தீர்ந்தது. ஆடி பிறந்ததும் ஆட்களும் கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

வளைவில் என் பெயர் பதித்த கல் இருக்கிறது. முதலில் வேலை இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் போய் அதை வாசித்துவிட்டு வருவேன். இப்போது அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

"வளைவுக்குள்ள பூந்து போனா வானம் தெரியுது. செத்தவரு போட்ட கணக்கு அம்புட்டுத்தான்," என்று டீக்கடையில் ஒருவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்து டீயைக் குடித்தேன்.

பேச்சு உன் அம்மா காதுக்கும் போயிருக்கிறது. "அண்ணே, எம் பிள்ளை கணக்கைத் தப்பாவா போட்டுட்டான்? ஊருல சொல்றாகளே," என்று கேட்டாள்.

"பாப்போம் தாயி," என்று எழுந்து வந்துவிட்டேன். மகனைப் பறிகொடுத்தவளுக்குச் சொல்கிற பதிலா அது? அன்றிலிருந்து அவள் வீட்டுப் பக்கம் போக எனக்கு முகமில்லை.

உன் ஆபீஸ் பிள்ளைகள் மீதி வேலைக்குப் புது எஸ்டிமேட் கொண்டுவந்தார்கள். இந்தத் தீபாவளி முடிந்ததும் தொடங்கலாம் என்கிறார்கள். கடைசி வரியை மட்டும் காலியாக விடச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். உன் அம்மாவை முன்னால் உட்கார வைத்து இந்தக் கடிதத்தை நானே வாசிப்பேன். வாசித்து முடித்ததும், நான் அடித்த அந்த வரியை எல்லாரும் பார்க்க என் கையால் எழுதுவேன். எனக்கு நேரமாகும். ஊர் காத்திருக்கட்டும்.

உன் பேச்சைக் கேட்காத
உன் தாய்மாமன்,
முனியாண்டி