தீபாவளி முன்பணம்

நுவரெலியா,
ஐப்பசி 2.

மரியாதைக்குரிய அப்பாவுக்கு, மகள் நாகலெட்சுமி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

நீங்கள் கொடுத்தனுப்பிய சிவப்புச் சேலை கிடைத்தது. தீபாவளிக்கு அதைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தீர்கள். நேற்று வீட்டம்மாவிடம் லீவு கேட்டேன். "ஒங்கப்பா ஒன் மூணு மாசச் சம்பளத்த முன்னாடியே வாங்கிட்டுப் போயிட்டாரே. அது கழியிற வரைக்கும் நீ எங்கயும் போக ஏலாது" என்றார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். நானும் சிரித்தேன். கவலைப்படாதீர்கள்.

தேயிலைத் தோட்டத்தில் தீபாவளிக்கு முன்பணம் வாங்கினால் மாதாமாதம் சம்பளத்தில் கழிப்பார்கள். பண்டிகைக்கு நாம் நம் லயத்து வீட்டில்தான் இருப்போம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கேட்டுவிட்டீர்கள். இங்கே ஆளையே நிறுத்தி வைத்துக்கொள்கிறார்கள்.

கோபிக்காமல் கேளுங்கள் அப்பா. இனித் துணிமணிக்கு முன்பணம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறித்தால் அன்றே கையில் தருகிறார்களே, அந்தக் கைக்காசை மாத்திரம் தனியாகப் போட்டு வையுங்கள். சேர்ந்த அளவுக்குப் பண்டிகை செய்தால் போதும். தைப் பொங்கலுக்கு வீட்டம்மா தானாகவே முன்பணம் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய கம்பளியைக் கொடுத்துவிடுங்கள். குளிர் அதிகம். தினமும் காலையில் நம் தோட்டத்துப் பக்கம் வரும் இறம்பொடை பஸ் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போகிறது. நான் அந்த நேரம் வாசல் கூட்டுவேன்.

வீட்டம்மா கூப்பிடுகிறார்கள். ஒன்று மறந்துவிட்டேன். சேலையை மடிப்புக் கலைக்காமல் வைத்திருக்கிறேன். கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். எடுத்தால், அந்தக் காசோடு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மகள்
நாகலெட்சுமி