பாச்சலூரில் அது சளி இல்லை

நவம்பர் 12, 2024
மழை. ஹீட்டர் மறுபடி மக்கர். மலை ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் ஸ்வெட்டரோடு நின்றுகொண்டு பிள்ளைகளின் சட்டையைக் கழற்றுகிறோம்.

இன்று பாச்சலூர் சரண்யா, ஐந்து வயது. அடுப்பில் வெந்து வலது கை விரல்கள் ஒட்டிப்போனவள். இரண்டு விரலைப் பிரித்தாயிற்று, மிச்சம் ஜனவரியில். மயக்க டாக்டர் நான்; மருந்து கொடுக்குமுன் அவள் அம்மா நாச்சியம்மாளிடம் கேட்டேன்: "சளி இருக்கா?" "இல்லீங்க." ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டேன், சுத்தம்.

முடிந்ததும் நன்றாகத்தான் மூச்சு விட்டாள். ரெக்கவரி அறை பக்கத்திலேயே, ஆக்ஸிஜன் எதற்கு என்று மாஸ்க்கை எடுத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கே கால்விரலில் கிளிப்பை மாட்டினால் ஆக்ஸிஜன் எண்பத்தொன்று; தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. "கால் ஜில்லுனு கெடக்கு மேடம், அதான் கொறச்சுக் காட்டுது" என்றாள் வடிவு சிஸ்டர். மலையில் தினமும் சொல்கிற சமாதானம். நானும் தலையாட்டினேன். காதில் மாற்றினால் எழுபத்தெட்டு. உதடு நாவல்பழம்.

தாடையைத் தூக்கி, தொண்டையில் உறிஞ்சி, மாஸ்க்கை அழுத்திப் பிடித்து— எண் ஏறியது. உறிஞ்சியதில் கெட்டிச் சளி.

நாச்சியம்மாள் கதவிடுக்கில் நின்றிருக்கிறாள். "ஒண்ணுமில்லம்மா, சரியாயிருச்சு" என்றேன்.

"ஒண்ணுமில்லன்னா ஏங்க இத்தன பேரு ஓடுனீங்க?"

கை கழுவப் போய்விட்டேன்.

நவம்பர் 13
அங்கே பயம் தெரியவில்லை. வீட்டில் அந்த எழுபத்தெட்டை நினைத்துக்கொண்டு நின்றதில் தோசை கருகியது. பயந்துவிட்டேன்.

நவம்பர் 26
சரண்யா தையல் பிரிக்க வரவில்லை. ஊர் நர்ஸே பிரித்துவிட்டாராம். நாச்சியம்மாள் போனை எடுப்பதில்லை. ஜூனில் பிள்ளைக்கு ஒண்ணாம் வகுப்பு. மிச்ச விரலும் பிரியாமல் பென்சிலை எப்படிப் பிடிப்பாள்?

டிசம்பர் 8
ஞாயிறு. பாச்சலூர் போனேன். நாச்சியம்மாள் காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பக் கொண்டார மாட்டேங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். மயக்கம் தெளியும்போது பிள்ளைகளுக்குத் தொண்டை இறுகலாம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் வெரசாகக் குறையும், சளி இருந்தால் ஆபத்து அதிகம். ஓடியது நிஜமான ஆபத்துக்குத்தான். மாஸ்க்கை நான் எடுத்திருக்கக் கூடாது.

"அவளுக்குச் சளி இருந்திருக்கே?" என்றேன்.

"சளி இல்லீங்க. மூக்குதான் ஒழுகிட்டுக் கெடந்துச்சு. மழை பேஞ்சா எல்லாப் பிள்ளைக்கும் ஒழுகும். இருமி நெஞ்சக் கட்டுனாத்தான சளி?"

அவள் பொய் சொல்லவே இல்லை. கீழே பழநியில் பிறந்தவள் நான், எனக்கு இந்தத் தமிழ் தெரியவில்லை. கடுங்காபி கொடுத்தாள். ஜனவரியில் பிள்ளையைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லவில்லை.

டிசம்பர் 9
பிள்ளைகளைத் தள்ளிப்போகும் கட்டிலில் சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் கட்டியாயிற்று. இனி மாஸ்க் கழற்றுவது ரெக்கவரியில்தான். கேள்வியும் மாறியது: மூக்கு ஒழுகுதா?

ஜனவரி 7, 2025
சரண்யாவின் முறை. காணோம். சர்ஜன் அடுத்த பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார்.

அந்தக் கேஸ் முடிந்து வெளியே வந்தால் நாச்சியம்மாள். தனியாக. வெள்ளனே கிளம்பி, பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"பிள்ளைக்கு முந்தாநாள்லருந்து மூக்கு ஒழுகுதுங்க. இன்னைக்கு வேண்டாம். நல்லானதும் கூட்டியாறேன், வேற நாள் சொல்லுங்க."

"இதைப் போன்ல சொல்லியிருக்கலாமேம்மா?"

"போன்ல சொன்னா, வராம இருக்கத்தான் சாக்கு சொல்றேன்னு நெனப்பீங்கல்ல."

பிப்ரவரி நான்காம் தேதி கொடுத்திருக்கிறேன்.