வடக்கு ஜன்னல்

மகளே,

புது வீட்டுக்கு ஜன்னல் வைத்தாகிவிட்டது. உன் அம்மா எழுதச் சொன்னாள், எழுதுகிறேன்.

தெற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. பகலெல்லாம் வெயில் விழுந்து, இருட்டிய பிறகும் அந்த அறையில் சூடு நிற்கிறது. வடக்கே வெறும் மண்சுவர் போதும் என்று கொத்தனார் மொருப்பிடம் சொல்லியிருந்தேன். லடாக் குளிரில் எந்தப் பைத்தியக்காரன் வடக்கே ஜன்னல் வைப்பான்? உன் அம்மா கேட்கவில்லை.

“அவ ஏறிப்போன பஸ் நிக்கிறது அந்தப் பக்கந்தானே? தெக்கே வெயில்தான் வரும். வேற யாரு வரப்போறா?” என்றாள்.

வைத்தோம். குளிர் தொடங்கியதும் கண்ணாடியின் உள்பக்கமே பனி படர்ந்தது. குடத்துத் தண்ணீர் உறைந்தது. கடைசியில் அவளே சலித்துப்போனாள்.

“அடைச்சிரச் சொல்லுங்க. வர்றவளா இருந்தா கதவத் தட்ட மாட்டாளா?” என்று சொல்லிவிட்டுத் தெற்கு அறைக்குப் போய்விட்டாள்.

நேற்று மொருப் ஜன்னலை அடைக்க மண்செங்கல்லோடு வந்தான். நான் ஜன்னலடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பனியைச் சுரண்டி வைத்திருந்தேன்.

“எந்திரிங்க தாத்தா, அடைக்கணும்.”

உன் சேதி வந்ததிலிருந்து ஊரில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

“நல்ல கண்ணாடி, எதுக்கு வீணாக்கணும்? நீ போ,” என்றேன்.

மடையன், சிரித்துக்கொண்டே போனான்.

தெற்கு அறையின் கதகதப்பு கைக்குழந்தைக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும். இதை உன் அம்மா எழுதச் சொல்லவில்லை.

அப்பா